திபெத்தில் வெளிநாட்டவர் சுற்றுலா

சீன மக்கள் குடியரசின் தென்மேற்கில் உள்ள திபெத் தன்னாட்சிப் பகுதிக்குப் பிற நாட்டவர் செல்வது தனி விதிகளுக்கு உட்பட்டது. சுமார் 12 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பகுதியின் சராசரி உயரம் 4,000 மீட்டருக்கும் அதிகம். தலைநகர் லாசாவே ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சீனாவின் மற்ற மாகாணங்களில் செல்லுபடியாகும் விசா மட்டும் இங்கே போதாது. தனி அனுமதிச் சீட்டும், முன்பே வகுத்த பயணத் திட்டமும், உரிமம் பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் வெளிநாட்டவர் உள்ளே போக முடியாது. மலைப் பகுதிகளில் பயணக் காலத்தைப் பனியும் மழையும் முடிவு செய்வதே வழக்கம். திபெத்தில் அவற்றைவிட அரசியல் நாட்காட்டிக்கே வலு அதிகம்.

மூடிய நகரம்

19ஆம் நூற்றாண்டில் லாசா வெளியாருக்குத் தடை செய்யப்பட்ட நகரமாக இருந்தது. இந்தியாவில் வேரூன்றிய ஆங்கிலேயர் மீதான அச்சமும், சீனாவின் சிங் வம்ச ஆட்சியாளர்களின் விருப்பமும், மடாலயங்களின் எச்சரிக்கையும் சேர்ந்து கதவை அடைத்தன. 1811இல் தாமஸ் மேனிங் என்ற ஆங்கிலேயர் லாசாவை அடைந்தார். அவருக்குப் பின் நூற்றாண்டு முடியும்வரை அங்கே கால் வைத்த ஐரோப்பியர் மிகச் சிலரே.

வரைபடம் வேண்டியிருந்த ஆங்கிலேய நில அளவைத் துறை, ஐரோப்பியர் நுழைய முடியாத இடத்துக்கு இமயமலைவாசிகளை அனுப்பியது. குமாவுன் பகுதியின் மிலாம் கிராமத்தைச் சேர்ந்த நைன் சிங் ராவத் அவர்களில் புகழ்பெற்றவர். வணிகராகவும் யாத்திரிகராகவும் வேடமிட்ட அவர், ஒவ்வோர் அடியையும் ஒரே நீளத்தில் எடுத்து வைக்கப் பழகியிருந்தார். 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள் கோத்த ஜபமாலையை உருட்டி நடைகளை எண்ணினார். மந்திரத் தாள் இருக்க வேண்டிய பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் அளவைக் குறிப்புகள் இருந்தன. 1866 ஜனவரியில் லாசாவை அடைந்த அவர், நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு நகரத்தின் உயரத்தையும் கணக்கிட்டார். சுற்றுலாப் பயணியின் குறிப்பேட்டை இன்றும் அங்கே சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்றால், அந்தச் சந்தேகத்துக்கு இப்படியும் ஒரு பழைய காரணம் உண்டு.

1904இல் பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட் தலைமையிலான ஆங்கிலேயப் படை ஆயுத பலத்தால் லாசாவுக்குள் நுழைந்தது. 1924இல் பிரெஞ்சுப் பெண்மணி அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், ஏழை யாத்திரிகரைப் போல வேடமிட்டு நடந்தே அந்நகரை அடைந்தார்.

திறப்பும் அடைப்பும்

1950இல் சீனப் படைகள் திபெத்துக்குள் வந்தன. 1959 மார்ச் 10 அன்று லாசாவில் எழுச்சி வெடித்தது. அது ஒடுக்கப்பட்ட நாட்களில் 14ஆம் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்து தஞ்சம் புகுந்தார். 1965இல் தன்னாட்சிப் பகுதி அமைக்கப்பட்டது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் மடாலயங்கள் பெருமளவில் அழிந்தன.

1980களின் தொடக்கத்தில் பெய்ஜிங் சுற்றுலாவை அனுமதித்தது. முதலில் குழுக்கள் வந்தன. பிறகு முதுகுப்பையோடு தனியே சுற்றும் இளைஞர்களும் வந்தார்கள். 1987 செப்டம்பர், அக்டோபரில் துறவிகள் லாசாவில் போராட்டம் நடத்தியபோது இந்தப் பயணிகள் நேரில் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், செய்தியை வெளியுலகுக்குக் கொண்டுசென்றார்கள். பயணி வெறும் வருமானம் அல்ல, சாட்சியும்கூட என்பது அரசுக்கு அப்போது புரிந்தது. அதன் பிறகு வந்த எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும் அடிப்படை இதுதான். 1989 மார்ச்சில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டு வெளிநாட்டவர் வெளியேற்றப்பட்டார்கள். அந்தச் சட்டம் 1990 மே வரை நீடித்தது.

2008 மார்ச்சில் லாசாவில் கலவரம் மூண்டு பிற திபெத்தியப் பகுதிகளுக்கும் போராட்டம் பரவியபோது, பகுதி முழுவதும் வெளிநாட்டவருக்கு மூடப்பட்டது; ஜூன் மாத இறுதியில்தான் திறந்தது. தனியாகச் சுற்றும் வழக்கம் அத்தோடு முடிந்தது. 2012 மே மாதம் லாசாவின் ஜோகாங் கோயில் அருகே இருவர் தீக்குளித்த பின்னரும் அனுமதிகள் நிறுத்தப்பட்டன. 1959 எழுச்சியின் மார்ச் 10, 2008 கலவரத்தின் மார்ச் 14 ஆகிய நினைவு நாட்களை ஒட்டி, பெரும்பாலும் பிப்ரவரி பிற்பகுதி முதல் மார்ச் முடியும்வரை, ஆண்டுதோறும் வெளிநாட்டவருக்கு அனுமதி வழங்குவதில்லை. திபெத்தியப் புத்தாண்டான லோசர் பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டியே வருகிறது. அதனால் திபெத்தின் மிகப் பெரிய திருவிழாவை வெளிநாட்டுப் பயணி அங்கே காண்பது அரிது.

அனுமதிகள்

அடிப்படைத் தேவை திபெத் பயண அனுமதி. பயணி நேரில் விண்ணப்பிக்க முடியாது. உள்ளூரில் பதிவு பெற்ற பயண முகவர் வழியாகத்தான் பெற வேண்டும். போகும் இடங்களும் நாட்களும் அதில் முன்கூட்டியே குறிக்கப்படும். இதைக் காட்டினால்தான் லாசாவுக்கு விமானமோ ரயிலோ ஏறலாம். லாசாவுக்கு வெளியே எவரெஸ்ட் அடிவாரம் போன்ற இடங்களுக்குப் பொதுப் பாதுகாப்புத் துறையின் இரண்டாவது அனுமதி தேவை. கயிலாயம் உள்ள ங்காரி போன்ற எல்லைப் பகுதிகளுக்கு ராணுவ அனுமதியும் சேரும். பத்திரிகையாளர்களும் தூதரக அதிகாரிகளும் சுற்றுலா அனுமதியில் போக முடியாது. அவர்கள் தன்னாட்சிப் பகுதியின் வெளியுறவு அலுவலகம் வழியாகவே வர வேண்டும். நேபாளம் வழியாக நுழைபவர்களுக்குக் காத்மாண்டுவில் குழு விசா வழங்கப்படுகிறது. குழுவாக உள்ளே வந்தவர் குழுவாகவே வெளியேற வேண்டும்.

சீனக் குடிமக்களுக்குத் திபெத் பயண அனுமதி தேவையில்லை. எண்ணிக்கையில் அவர்களே மிகப் பெரும்பான்மை. 36 லட்சம் பேர் வாழும் இப்பகுதிக்கு 2023இல் 5.5 கோடி வருகைகள் பதிவானதாகச் சீன அரசு கூறுகிறது. திபெத்துக்கு வெளியே சிச்சுவான், சிங்ஹாய், கான்சு, யுன்னான் மாகாணங்களில் உள்ள திபெத்தியப் பகுதிகளுக்கும் இந்த அனுமதி பொதுவாகத் தேவையில்லை. கான்சுவின் லாப்ராங் மடாலயத்தைச் சீன விசாவோடு நேரே சென்று பார்க்கலாம். வழிகாட்டியின் கண்காணிப்பு இல்லாமல் திபெத்திய வாழ்க்கையைக் காண விரும்புகிறவருக்கு லாசாவைவிட இந்தப் பகுதிகளே ஏற்றவை.

செல்லும் வழிகள்

பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது ரயில்தான். சிங்ஹாய்-திபெத் ரயில்பாதை 2006 ஜூலை 1 அன்று லாசா வரை திறக்கப்பட்டது. சிங்ஹாயின் ஷினிங்கிலிருந்து லாசா வரை 1,956 கிலோமீட்டர். அதில் சுமார் 960 கிலோமீட்டர் 4,000 மீட்டருக்கு மேல் செல்கிறது. தாங்குலா கணவாயில் பாதை 5,072 மீட்டரைத் தொடுகிறது. உறைநிலத்தில் பாதை நெகிழாதிருக்கப் பல இடங்களில் அதைப் பாலங்களின் மேல் கொண்டுசென்றிருக்கிறார்கள். பெட்டிகளுக்குள் ஆக்சிஜன் செலுத்தப்படுகிறது. 2014இல் ஷிகாட்சே வரையும் 2021இல் நிங்ச்சி வரையும் இருப்புப்பாதை நீண்டது. இந்திய எல்லையை நோக்கிச் செல்லும் இப்பாதைகள் படை நகர்வுக்கும் உதவும் என்பதை டெல்லி கவனிக்கத் தவறவில்லை.

நேபாள எல்லையில் கோடாரி வழி 2015 நிலநடுக்கத்தில் சிதைந்தது. அதற்கு மாற்றாக ரசுவாகடி-கேருங் வழி 2017இல் வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்டது. அங்கிருந்த நட்புப் பாலத்தை 2025 ஜூலை வெள்ளம் அடித்துச் சென்றது.

கயிலாய யாத்திரை

இந்தியர்களுக்குத் திபெத் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கயிலாயமும் மானசரோவரும்தான். இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், திபெத்தின் பழைய ‘பொன்’ (Bon) சமயத்தார் ஆகிய நான்கு தரப்பாருக்கும் அது புனித மலை. தமிழ்ச் சைவ மரபில் அப்பர் கயிலை நோக்கிச் சென்று, உடல் தேய்ந்து, தவழ்ந்தும் போக இயலாத நிலையில் திருவையாற்றிலேயே காட்சி பெற்றதாகப் பெரியபுராணம் சொல்கிறது.

1962 இந்திய-சீனப் போருக்குப் பின் நின்றிருந்த யாத்திரை, இரு அரசுகளின் உடன்பாட்டால் 1981இல் மீண்டும் தொடங்கியது. உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் பழைய வழி. நேபாளமும் அந்த இடத்துக்கு உரிமை கோருகிறது. சிக்கிமின் நாதுலா வழி 2015இல் திறந்தது. 2017இல் டோக்லாமில் இரு படைகளும் எதிரெதிரே நின்றபோது அந்த ஆண்டு நாதுலா வழி மூடப்பட்டது. 2020இல் பெருந்தொற்றால் யாத்திரை நின்றது. அதே ஆண்டு கல்வானில் இந்திய, சீனப் படைகள் மோதிக்கொண்டதால் தொற்று ஓய்ந்த பிறகும் வழி திறக்கவில்லை. 2025இல் 750 பேருக்கு இடம் ஒதுக்கி இந்திய அரசு யாத்திரையை மீண்டும் நடத்தியது. விண்ணப்பிப்போரைக் கணினிக் குலுக்கல் மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். வயது 18 முதல் 70 வரை இருக்க வேண்டும். மலையைச் சுற்றிவரும் பாதை சுமார் 52 கிலோமீட்டர். அதன் உச்சியான டோல்மா லா கணவாய் ஏறத்தாழ 5,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையின் மீது ஏற யாருக்கும் அனுமதியில்லை.

உயரமும் உடலும்

லாசாவில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். விமானத்தில் வந்து இறங்குபவருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை முதல் நாளே தொடங்கலாம். இளமையும் உடற்பயிற்சிப் பழக்கமும் இதற்குக் காப்பு ஆகாது. முதல் இரண்டு மூன்று நாட்கள் லாசாவிலேயே ஓய்வாக இருப்பதும், 3,000 மீட்டருக்கு மேல் தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும் மருத்துவர்கள் சொல்லும் விதி. அசிட்டசோலமைடு மாத்திரை சிலருக்கு உதவும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் உடனே கீழே இறங்குவதுதான் முதன்மையான சிகிச்சை. எல்லை மூடலோ அனுமதிச் சிக்கலோ இறங்கும் வழியைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் இங்கே மருத்துவ ஆபத்தும் அரசியலிலிருந்து முற்றிலும் விலகியதல்ல.

நடத்தை

ராணுவ வாகனங்களையும் காவலர்களையும் சோதனைச் சாவடிகளையும் படம் எடுக்கக் கூடாது. தலாய் லாமாவின் படமும் திபெத்தியக் கொடியும் தடைசெய்யப்பட்டவை. இறந்தவரின் உடலைக் கழுகுகளுக்கு இடும் சடங்கைப் பயணிகள் பார்க்கவும் படம் எடுக்கவும் தடை உண்டு. இந்த ஒரு தடை அரசியலால் வந்ததல்ல, குடும்பங்களின் துயரத்தை மதித்து வந்தது என்று கொள்ளலாம். அரசியல் பேச்சைத் தொடங்கும் பயணிக்குப் பயணம் ரத்தாகலாம். பதில் சொன்ன வழிகாட்டியோ துறவியோ சிறைக்கே போக நேரலாம். கேள்வி கேட்கும் ஆவலைப் பயணி அடக்கிக்கொள்ள வேண்டியது அவர்களின் பாதுகாப்பு கருதித்தான்.

போகலாமா?

திபெத்துக்குப் போவதே சரியா என்ற விவாதம் நெடுநாளாக நடக்கிறது. பயணிகளின் பணம் சீன ஆட்சிக்கும் வெளியிலிருந்து வந்த வணிகர்களுக்கும் போய்ச் சேருகிறது, ஒப்பனை செய்த திபெத்தே காட்டப்படுகிறது என்பது ஒரு தரப்பு. தலாய் லாமாவோ வெளிநாட்டவர் போய்ப் பார்த்து, கண்டதை வெளியே சொல்ல வேண்டும் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறார். 1987இல் நிகழ்ந்ததை வைத்துப் பார்த்தால் அவர் தரப்பே வலுவானது.

சீனக் குடிமக்கள் அமெரிக்காவில் தடையின்றிப் பயணிக்கும்போது அமெரிக்கர்களுக்குத் திபெத்தில் அந்த உரிமை இல்லையே என்று கேட்டு அமெரிக்கா 2018இல் ஒரு சட்டம் இயற்றியது. தடைக்குப் பொறுப்பான சீன அதிகாரிகளுக்கு விசா மறுக்க அச்சட்டம் வழிசெய்கிறது. கட்டுப்பாடு வெளியாருக்கு மட்டும் உரியதன்று. 2012இல் தன்னாட்சிப் பகுதியில் வாழ்வோரின் கடவுச்சீட்டுகளை அதிகாரிகள் திரும்பப் பெற்றார்கள்; அதன் பின் திபெத்தியர் வெளிநாடு செல்வது மிகக் கடினமாகிவிட்டது.