மனநலச் செவிலியர்

மனநோய், மனநெருக்கடி, போதைப் பழக்கம், முதுமை மறதி ஆகியவற்றால் துன்புறுவோரைப் பராமரிக்கத் தனிப்பயிற்சி பெற்றவர் மனநலச் செவிலியர். மருத்துவமனை வார்டு, புறநோயாளிப் பிரிவு, மாவட்ட மனநலத் திட்டக் குழு, மறுவாழ்வு இல்லம், போதை மீட்பு மையம், சிறை, நோயாளியின் வீடு எனப் பல இடங்களில் இவர் பணி நடக்கிறது. மருத்துவர் ஒரு நோயாளியுடன் நாளில் சில நிமிடங்கள் இருப்பார். எஞ்சிய நேரம் முழுவதும், இரவு உட்பட, நோயாளி செவிலியரின் பார்வையில்தான் இருக்கிறார். உலக நாடுகள் பலவற்றில் மனநலப் பணியாளர்களில் பெரும்பங்கினர் செவிலியர்களே.

இப்பணிக்குப் பொறுமையும் இரக்கமும் இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அந்த எண்ணம் பணியையும் நோயாளியையும் ஒருசேரக் குறைத்து மதிப்பிடுகிறது. எதைக் கவனிப்பது, எதைக் கேட்பது, எப்போது பேசாமல் இருப்பது என்று கற்றுக்கொள்ளாத இரக்கம் ஆபத்தின் அறிகுறிகளைத் தவறவிடும். இங்கே குணம் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் பயிற்சியால் வரும் திறன்கள்.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மனநோயாளிப் புகலிடங்களில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் காவலர்கள்தான். கதவைப் பூட்டுவதும், சண்டையை விலக்குவதும், உணவு கொடுப்பதும் அவர்கள் வேலை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மக்லீன் மருத்துவமனையில் 1882இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பிரிட்டனில் 1885இல் புகலிடப் பணியாளர்களுக்கான கையேடு வெளிவந்தது. அட்டையின் நிறத்தால் அது சிவப்புக் கையேடு என்றே அறியப்பட்டது. 1920இல் ஹாரியட் பெய்லி எழுதிய மனநலச் செவிலியப் பாடநூல் அமெரிக்கச் செவிலியப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

உண்மையான திருப்பம் 1952இல் அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லாவ் (1909–1999) எழுதிய நூலோடு வந்தது. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் உறவே சிகிச்சையின் பகுதி என்பது அவர் வாதம். அந்த உறவு அறிமுகத்தில் தொடங்கி, சேர்ந்து வேலை செய்யும் கட்டத்தைக் கடந்து, முறையான பிரிவில் முடிகிறது என்று அவர் விளக்கினார். அந்நியர், ஆசிரியர், வழிகாட்டி, ஆலோசகர் எனப் பல பாத்திரங்களைச் செவிலியர் மாறி மாறி ஏற்க நேர்வதையும் எடுத்துக் காட்டினார். அதே பத்தாண்டில் குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்து புழக்கத்துக்கு வந்து வார்டுகளின் கூச்சல் தணிந்ததால், உட்கார்ந்து பேசுவதற்கான சூழலும் உருவாயிற்று.

சென்னையில் மனநோயாளிகளுக்கான புகலிடம் 1794இல் தொடங்கியது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய அந்த நிறுவனமே இன்றைய அரசு மனநல மருத்துவமனை. பெங்களூரில் 1954இல் அமைந்த அகில இந்திய மனநல நிறுவனம், பின்னாளில் நிம்ஹான்ஸ் ஆனது. மனநலச் செவிலியர் பட்டயப் படிப்பு அங்கே அந்தப் பத்தாண்டிலேயே தொடங்கிவிட்டது.

கவனிப்பு

மனநோய்க்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ நேரடியாக விடை சொல்வது அரிது. ஆகவே செவிலியர் கேஸ் ஷீட்டில் எழுதும் குறிப்புக்கு இங்கே பெரும் மதிப்பு. நோயாளி எத்தனை மணிக்குத் தூங்கினார், எப்போது விழித்தார், குளித்தாரா, யாரோடு பேசினார், தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பவை எல்லாம் மருத்துவத் தகவல்கள். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து, மேலே பார்த்தபடி படுத்திருப்பவரின் மனச்சோர்வு ஆழமாகியிருக்கலாம். இருதுருவக் கோளாறு உள்ளவர் மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பின்றி எழுந்து வார்டு முழுவதும் சுற்றினால், மிகையெழுச்சி வந்துகொண்டிருக்கலாம். இவற்றை நைட் டூட்டிச் செவிலியரைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை.

எழுதும் முறையிலும் கட்டுப்பாடு தேவை. 'நோயாளி முரண்டு பிடித்தார்' என்பது ஒரு தீர்ப்பு. 'மாத்திரையை இரண்டு முறை துப்பினார், மூன்றாம் முறை கேட்டபோது வாங்கிக்கொண்டார்' என்பது கவனிப்பு. அடுத்த ஷிப்ட் செவிலியருக்கும் மருத்துவருக்கும் பயன்படுவது இரண்டாவதுதான்.

உடல்நோயை மறவாதிருப்பது இத்திறனின் மற்றொரு பக்கம். நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் திடீரெனக் குழம்பி, இரவில் இல்லாத உருவங்களைக் கண்டு அலறினால், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் கைநடுக்கம், வியர்வை, குழப்பம் தோன்றினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. மனநோயாளி என்ற பெயர் விழுந்துவிட்டால் அவருடைய நெஞ்சுவலியைக்கூட யாரும் நம்புவதில்லை. செவிலியர் நம்பிச் சோதிக்க வேண்டும்.

பேச்சும் மௌனமும்

தமிழகத்து வார்டுகளில் செவிலியர் சிஸ்டர், ஆண் செவிலியர் பிரதர். அவர்கள் பதிலுக்கு நோயாளியை எப்படி அழைக்கிறார்கள் என்பதில் சிகிச்சை தொடங்குகிறது. அறுபது வயதுப் பெண்ணை 'நீ' என்று ஒருமையில் விளிப்பதும், படுக்கை எண்ணால் கூப்பிடுவதும், அவரிடம் எஞ்சியிருக்கும் மதிப்பையும் பறித்துவிடும். 'வாங்கம்மா, உட்காருங்க' என்பதற்கு எந்தச் செலவும் இல்லை. அந்த அம்மா மறுநாள் தானாக வந்து மாத்திரை கேட்பதற்கு அதுவே காரணமாகலாம்.

மருட்சி உள்ளவரோடு பேசுவதே இத்துறையில் மிகக் கடினமான பாடம். 'சிஸ்டர், சாப்பாட்டுல விஷம் வச்சிருக்காங்க' என்று ஒருவர் சொல்கிறார். அதெல்லாம் இல்லை என்று வாதாடினால் நம்பிக்கை இன்னும் இறுகும். ஆமாம் என்று ஒத்துப்போனால் மருட்சிக்குச் சாட்சி சொன்னதாகும். பயிற்சி பெற்ற செவிலியர் அந்த நம்பிக்கைக்கு அடியில் இருக்கும் பயத்துக்குப் பதில் சொல்கிறார்: 'அப்படித் தோணினா சாப்பிடப் பயமாத்தான் இருக்கும். எனக்கு அப்படித் தெரியலைங்க. வாழைப்பழம் கொண்டு வரட்டுமா, நீங்களே உரிச்சுச் சாப்பிடுங்க.' இதில் பொய் இல்லை, சண்டையும் இல்லை, வயிற்றுக்கும் வழி கிடைத்தது.

இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொல்பவரிடம் அவை என்ன சொல்கின்றன என்று கேட்பது அவசியம். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும்படி அவை கட்டளையிட்டால் உடனே பாதுகாப்பைக் கூட்ட வேண்டும்.

மனச்சோர்வில் பேச்சற்றுப் போனவர் பக்கத்தில் பத்து நிமிடம் சும்மா உட்காருவதும் பணியே. 'எல்லாம் சரியாயிடும்' என்ற ஆறுதல் பல நேரம் சொல்பவரின் பதற்றத்தையே தணிக்கிறது. கேட்பவருக்குத் தன் துயரம் புரிந்துகொள்ளப்படவில்லை என்றுதான் படும்.

நம் ஊரில் மனத்துயரம் பெரும்பாலும் உடலின் மொழியில் வரும். நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல், தலையில் ஏதோ ஊர்வது, வயிற்றில் குறுகுறுப்பு என்று சொல்பவரிடம் 'உங்களுக்கு ஒண்ணுமில்லை' என்று முடித்துவிடக் கூடாது. செய்வினை, காத்து கருப்பு என்று வரும் விளக்கத்தையும் ஏளனம் செய்யாமல் கேட்க வேண்டும். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதைத் தடுத்தால் குடும்பம் மருத்துவமனையைத்தான் கைவிடும். போய்வாருங்கள், மாத்திரையையும் விடாதீர்கள் என்பது நடைமுறையில் பலித்த வழி. ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மருத்துவத்தையும் சேர்த்து வழங்கும் அரசுத் திட்டம் இந்த அடிப்படையில் அமைந்ததே.

மருந்து அறிவு

மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பின்னர் துப்புபவர் உண்டு. மொத்தமாக விழுங்கச் சேர்த்து வைப்பவரும் உண்டு. விழுங்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும், அதைக் காவல் காப்பதுபோல் செய்யவும் கூடாது.

பக்கவிளைவுகளை முதலில் காண்பவர் செவிலியரே. ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்ட சில மணி நேரத்தில் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொண்டு கண்கள் மேலே செருகினால், நோயாளி நடிக்கிறார் என்று நினைப்பது கொடுமை. உரிய மாற்று மருந்து கொடுத்தால் அது விரைவில் தணியும். ஓரிடத்தில் இருக்க முடியாமல் கால் மாற்றிக்கொண்டே நடப்பவரை நோய் முற்றியவர் என்று கருதி மருந்தைக் கூட்டினால் அவதி பெருகும், ஏனெனில் அந்த அமைதியின்மைக்குக் காரணமே மருந்தாக இருக்கலாம். கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் நினைவு மங்கலும் சேர்ந்து வந்தால் நொடி தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

இருதுருவக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். நீடித்த சிகிச்சையில் இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைக்கப்படும். 1.5ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை தொடங்கலாம். பெருநடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் ஆகியவை எச்சரிக்கைகள். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் தேங்கும். கத்திரி வெயிலில் வயல்வேலைக்குப் போகிறவரிடமும், நோன்பு அல்லது விரதம் இருப்பவரிடமும், கடையில் தானாக வலிமாத்திரை வாங்கிப் போடுபவரிடமும் இதை எளிய சொற்களில் விளக்குவது செவிலியரின் பொறுப்பு. குளோசபின் என்ற மனநோய் மருந்து எடுப்பவருக்கு வெள்ளணு எண்ணிக்கையைத் தவறாமல் சோதிக்க வேண்டும். காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் சும்மா விடக் கூடாது. மலச்சிக்கலையும் அப்படியே.

தற்கொலை ஆபத்தை அளவிடல்

'செத்துப் போயிடலாம்னு தோணுதா?' என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் தவறானது. கேட்பது பலருக்குச் சுமையை இறக்குகிறது. எண்ணம் மட்டும் இருக்கிறதா, திட்டம் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, தடுத்து நிறுத்தும் உறவு யாரேனும் உண்டா என்று படிப்படியாகக் கேட்கச் செவிலியர் பழக வேண்டும். கடுமையாகச் சோர்ந்திருந்தவர் திடீரென அமைதியாகிப் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், தேறிவிட்டார் என்று மகிழ்வதற்கு முன் விசாரிக்க வேண்டும். மருந்து வேலை செய்யத் தொடங்கும் முதல் வாரங்களில் மனம் தெளிவதற்கு முன்பே உடலில் சுறுசுறுப்பு திரும்புவதுண்டு. வீடு திரும்பிய முதல் வாரங்களும் ஆபத்தானவை. அதனால் பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றவும், மாத்திரைகளைக் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பில் வைக்கவும் சொல்லி அனுப்புவது உயிர்காக்கும் செவிலியம். டெலி மானஸ் என்ற தேசிய உதவி எண் 14416ஐயும் எழுதிக் கொடுக்கலாம்.

கொந்தளிப்பைத் தணித்தல்

ஆத்திரத்தில் இருப்பவரிடம் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். இரண்டு கை நீளத் தூரம், தாழ்ந்த குரல், சிறு வாக்கியங்கள், கைகள் தெரியும்படி நிற்பது, வாசலை இருவரில் எவருக்கும் அடைத்துவிடாதிருப்பது என்பவை அடிப்படை. பல மோதல்களுக்கு முன்னால் ஒரு மறுப்பு இருக்கும். போன் பேச விடவில்லை, பீடி தரவில்லை, வீட்டுக்கு எப்போது என்று சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்து, கொடுக்கக் கூடியதைக் கொடுத்து, முடியாததற்குக் காரணம் சொன்னால் பாதிக் கொந்தளிப்பு அடங்கும். பிரிட்டனில் லென் பவர்ஸ் குழுவினர் உருவாக்கிய பாதுகாப்பான வார்டுத் திட்டம் இதையே பத்து எளிய நடைமுறைகளாக்கியது.

கட்டுப்படுத்தல் கடைசி வழி. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியிடுவதையும் தனிமையில் அடைப்பதையும் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளாமல் கட்டுப்படுத்தலாம். காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறைக்கு ஈடாகவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. மயக்க மருந்தின்றி மின்னதிர்வுச் சிகிச்சை தருவதற்கும் தடை உண்டு. தன் சிகிச்சை எப்படி அமைய வேண்டுமென நோயாளி முன்கூட்டி எழுதிவைத்த விருப்பத்தையும், அவர் நியமித்த பிரதிநிதியையும் மதிக்க வேண்டும். இவற்றைச் செவிலியர் அறிந்திருக்காவிட்டால் சட்டம் தாளிலேயே நின்றுவிடும்.

குடும்பம்

இந்தியச் சூழலில் நோயாளியோடு குடும்பமும் வருகிறது. 1950களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர் உறவினர்களை மருத்துவமனை வளாகத்துக் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்திலும் உடன்தங்கும் முறை வேரூன்றியது. இம்முறையில் செவிலியர் ஆசிரியராகவும் ஆகிறார். நோய் திரும்புவதன் முன்னறிகுறிகள், எரிச்சலான விமர்சனம் நோயை எப்படி மோசமாக்குகிறது, மாத்திரையை நிறுத்தினால் என்னவாகும் என்பவற்றைக் கற்பிக்கிறார். மகனுக்காக இருபது ஆண்டு உறங்காத தாயின் களைப்பையும் அவர் கேட்க வேண்டும். அதே வேளை, நோயாளி நம்பிச் சொன்னதைக் குடும்பத்திடம் ஒப்பிக்காமல் காப்பதும் கடமை. அவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு.

எல்லையும் ஆதரவும்

பரிவுக்கு எல்லை வேண்டும். ஒரு நோயாளிக்கு மட்டும் சலுகை, தனிப்பட்ட கைபேசி எண், பரிசுப் பரிமாற்றம் என்று தொடங்கும் நெருக்கம், வார்டிலிருந்து வெளியேறும் நாளில் அவரைக் கைவிடப்பட்டவராக்கும். தன்னுள் எழும் வெறுப்பு, பயம், அளவுமீறிய பாசம் ஆகியவற்றை அடையாளம் காண்பதும் பயிற்சிக்குரியதே. தாக்கப்பட்டபின், அல்லது தன் கண்காணிப்பில் இருந்தவர் உயிரை மாய்த்துக்கொண்டபின், மூத்தவரோடு உட்கார்ந்து பேச முறையான ஏற்பாடு இருக்க வேண்டும். நம் மருத்துவமனைகள் பலவற்றில் அதற்கு இடமே இல்லை. விசாரணைக் கடிதம்தான் முதலில் வருகிறது.

இந்தியாவில் பொதுச் செவிலியப் பட்டயத்திலும் பி.எஸ்சி. செவிலியத்திலும் மனநலச் செவிலியம் கட்டாயப் பாடம். ஓராண்டுப் பட்டயமும் எம்.எஸ்சி. சிறப்புப் பாடமும் மேற்படிப்புகள். ஆனால் சிறப்புத் தகுதி பெற்றவரைச் சிறிது காலத்திலேயே வேறு வார்டுக்கு மாற்றுவதும், வார்டு நிறைந்த நோயாளிகளுக்கு இரவில் ஒரே செவிலியரை நிறுத்துவதும் தொடர்கின்றன. மேலே சொன்ன திறன்கள் ஒவ்வொன்றுக்கும் நேரம் தேவை. நேரம் கிடைப்பது பணியிடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, அதை முடிவு செய்பவை அரசாணையும் நிதி ஒதுக்கீடும்.