நாற்பத்தாறை எண்ணியவர்

மனித செல்லில் 46 குரோமோசோம்கள். எஸ்.பி.எம். உயிரியல் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அதை எண்ணிப் பார்த்தது யாரு என்று அப்போது கேட்கத் தோன்றியதே இல்லை. பின்னாளில் காந்தள் பூவைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் அந்த ஆளிடம் வந்து சேர்ந்தேன்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலில் வருவது செங்காந்தள். பெண்களின் விரலுக்கு உவமையாகும் அந்தப் பூவின் கிழங்கு கடும் நஞ்சு. கோல்ச்சிசின் என்ற சின்ன மூலக்கூறுதான் அதற்குக் காரணம். ஐரோப்பாவின் கோல்ச்சிகம் செடியிலும் அதே நஞ்சு உண்டு. 1820இல் அதிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, மெல்லிய புரத இழைகள் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் போகும். அந்த இழைகளைக் கட்டும் செங்கல் மாதிரியான புரதத்துக்கு டியூபுலின் என்று பெயர். கோல்ச்சிசின் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். இழை உருவாகாது. இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் தடித்த உருவத்தோடு அப்படியே நின்றுவிடும். புற்றுநோய்க்கு மருந்தாகக் கொடுக்க முடியாத அளவுக்கு நச்சு என்றாலும், ஆய்வுக்கூடத்தில் இந்த ‘அப்படியே நிற்பது’ பெரிய வரம்.

அதுவரை எல்லாரும் நம்பிய எண் 48. அமெரிக்கரான தியோபிலஸ் பெயின்டர் 1923இல் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், தெளிவான செல்களில் 46தான் தெரிகிறது என்று 1921இல் அவரே எழுதியிருந்தார். பிறகு மாற்றிக்கொண்டார். 1952இல் டி.சி. சூ என்பவருக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது: ஆய்வுக்கூடத்தில் யாரோ உப்புக் கரைசலை நீர்க்கக் கலந்துவிட, செல்கள் உப்பி, குரோமோசோம்கள் அழகாக விலகித் தெரிந்தன. அவ்வளவு தெளிவாகப் பார்த்தும் அவர் எண்ணியது 48தான்! எனக்கு இந்த இடம் சிரிப்பை விடப் பயத்தையே தருகிறது.

ஜோ ஹின் ச்சியோ நம் பக்கத்து ஊர்க்காரர். 1919இல் ஜாவாவின் பெக்கலோங்கானில், சீனக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா புகைப்படக்காரர். போகோரில் வேளாண்மை படித்து, உருளைக்கிழங்கு ஆய்வில் இருந்தவரை ஜப்பானியர் பிடித்து மூன்று ஆண்டு முகாமில் அடைத்தார்கள், சித்திரவதையும் நடந்தது. போர் முடிந்ததும் அகதிகளோடு கப்பலேறி ஐரோப்பா போனார். வேலை ஸ்பெயினில், விடுமுறை வந்தால் சுவீடனின் லுண்ட் நகரில் ஆல்பர்ட் லெவானின் ஆய்வுக்கூடம். லெவான் 1938இலேயே வெங்காய வேரில் கோல்ச்சிசினைச் சோதித்தவர். பிறகு புற்றுச் செல்களின் குரோமோசோம்களுக்குத் திரும்பியவர்.

1955 டிசம்பர் 22. சிசுவின் நுரையீரல் செல்களுக்குக் கோல்ச்சிசினையும் நீர்த்த உப்புக் கரைசலையும் கொடுத்து, நுண்ணோக்கியில் எண்ணினார் ச்சியோ. 46. மறுபடி எண்ணினார். 46தான்.

கட்டுரை 1956இல் ‘ஹெரெடிடாஸ்’ இதழில் வந்தது. முதல் பெயர் ச்சியோ, இரண்டாவது லெவான். ஆய்வுக்கூடத் தலைவரின் பெயர் முன்னால் வருவது அங்கே வழக்கம். ச்சியோ அதற்கு மசியவில்லை என்பார்கள். முகாமிலிருந்து மீண்ட ஒருவர், தன் கண்ணால் எண்ணியதை இன்னொருவர் பெயருக்குப் பின்னால் நிறுத்த ஏன் ஒப்பவேண்டும்?

சரியான எண் கிடைத்த பிறகுதான் தவறான எண்ணைக் கண்டுபிடிக்க முடிந்தது. 1959இல் டவுன் நோய்க்குறியில் 47 என்று தெரிந்தது. 1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில் குட்டையாகிப்போன ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். புற்றுநோய்க்கு மரபணுவில் அடையாளம் உண்டு என்பதற்கு அது முதல் உறுதியான சாட்சி.

அந்த 1956 கட்டுரையில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. ச்சியோவுக்குச் சில மாதங்களுக்கு முன்பே சுவீடனில் மூன்று பேர் சிசுவின் கல்லீரல் செல்களை ஆராய்ந்தார்களாம். 48ஐயும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வேலையை இடையில் நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய கண்ணாடிச் சில்லுகளில் திரும்பத் திரும்ப வந்த எண் 46.