அடங்கி ஒலிக்கும் தாளம்



தாளம் என்னும் சொல் தமிழில் இரண்டு பொருளைச் சுமந்து நிற்கிறது. காலத்தை அளக்கும் கணக்குக்கும் தாளம் என்று பெயர். அந்தக் கணக்கை ஓசையாக்கிக் காட்டும் வெண்கல வட்டுகளுக்கும் தாளம் என்றே பெயர். அளவும் கருவியும் ஒரே பெயரைப் பெற்றிருப்பது ஒரு தனிப் பெருமை அன்றோ! ஆயினும், உலக வழக்கில் இக்கருவிக்கு ஒரு பழியும் உண்டு. பெரியவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டித் திரிபவனைப் பார்த்து, "ஜால்ரா போடுகிறான்" என்று நாம் எள்ளி நகையாடுகிறோம். தூத்துக்குடிக் கரையில் பிறந்து, இளமையில் ஜால்ரா தட்டி வளர்ந்தவன் நான். ஆதலின், அப்பழி பொருந்துமா என்று ஆராயும் உரிமை எனக்குச் சிறிது உண்டு. சிறிய இடத்தில் பாடும்போது எத்தகைய தாளத்தைத் தேர்ந்துகொள்வது, அதனை எவ்வாறு அடக்கி ஒலிப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். சிறு பொருள்போலத் தோன்றினும், இதன் பின்னே நெடியதொரு வரலாறு இருக்கிறது.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு பஜனை மடம் இருந்தது. முப்பது பேர் நெருங்கி அமர்ந்தால் நிரம்பிவிடும் ஒரே அறை. ஓடு வேய்ந்த கூரை. சுண்ணாம்பு பூசிய சுவர். உப்பளத்தில் பகலெல்லாம் உழைத்த முதியவர் ஒருவர் மார்கழி தோறும் அங்கு வந்து பாடுவார். மெல்லிய குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் பதியும். ஓர் ஆண்டு, கோயில் மேளக்காரர் ஒருவரிடம் கனத்த தாளம் ஒன்றை இரவல் பெற்று வந்தேன். அதன் கணீர் என்ற நாதம் எனக்குப் பெருமிதம் தந்தது. நான்கு நாள் அதனை முழு வலியோடு தட்டினேன். ஐந்தாம் நாள் பெரியவர் வரவில்லை. "குரல் போய்விட்டது, தம்பி, நான் பாடுவது எனக்கே கேட்கவில்லை" என்று அவர் சொல்லி அனுப்பினார். அவர் குரல் எங்கும் போகவில்லை. அதை மூடியவன் நான். எங்கள் அண்ணாவியார் என்னை அருகில் அழைத்து, "தம்பி, உன் தாளத்தில் பிழை இல்லை; காலம் சரியாகத்தான் நின்றது. ஆனால் பாட்டு எங்கே?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. அடுத்த மார்கழிக்கு முன்பே பெரியவர் காலமாகிவிட்டார். விடை தேடத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான்.

விடையின் ஒரு பகுதி இயற்கை நூலில் இருக்கிறது. திறந்த வெளியில் ஓசை பரந்து மெலியும். தொலைவு இரு மடங்கானால் ஓசையின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். நான்கு சுவருக்குள் அவ்வாறு நேர்வதில்லை. சுவரும் கூரையும் ஓசையைத் திருப்பித் திருப்பி அனுப்புகின்றன. முதல் தட்டின் நாதம் அடங்குமுன் இரண்டாம் தட்டு வந்து சேர்கிறது. மேலும், மனிதச் செவி எல்லா ஓசையையும் ஒரே கூர்மையுடன் கேட்பதில்லை. நொடிக்கு 2000 முதல் 5000 அதிர்வு வரை உள்ள ஓசையையே அது மிகக் கூர்மையாகப் பற்றுகிறது. தாளத்தின் ஓசையில் பெரும்பகுதி அந்த எல்லையிலும் அதற்கு மேலும் அமைகிறது. க, ச, ட, த போன்ற மெய்யொலிகளை நாம் பிரித்தறிவதும் பெரிதும் அந்த எல்லையில்தான். ஆகவே, தாளம் மிகுந்தால் முதலில் மறைவது பாட்டின் சொல். இசை ஒருவாறு கேட்கும், பொருள் கேட்காது. எங்கள் மடத்தில் நிகழ்ந்தது இதுவே.

இயற்கை நூல் அறியாத காலத்திலும் நம் முன்னோர் இந்த உண்மையை அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு சொல்லப்படுகிறது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஒரு கோல் என்பது 24 பெருவிரல் அளவு. எனவே, அது பரந்த வெளி அன்று. அளந்து கட்டிய அரங்கு. அந்த அரங்கில் தண்ணுமை முழக்கும் ஆசிரியனுக்கு இளங்கோவடிகள் கூறும் இலக்கணத்தைக் கருதிப் பாருங்கள். பிற கருவிகளின் குறையை நிரப்ப வேண்டும். மிகையை அடக்க வேண்டும். அவ்வாறு செய்யும்போது தன் ஓசை வரம்பு மீறாதிருக்க வேண்டும். வலிந்து முழக்குதல் அங்கே ஒரு தகுதியாகவே சொல்லப்படவில்லை. அடக்கும் அறிவு தகுதியாகச் சொல்லப்படுகிறது.

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, மிடற்றுக்கருவி, கஞ்சக்கருவி எனக் கருவிகளை ஐந்தாக வகுத்தனர் தமிழர். கஞ்சம் என்றால் வெண்கலம். அந்த வெண்கலத்தின் கதை நம் மாவட்டத்து மண்ணிலேயே புதைந்து கிடந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில், 1876-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஜாகோர் அகழ்ந்தார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். தாழிகளோடு பலவகை வெண்கலப் பொருள்களும் அங்கே வெளிப்பட்டன. அவற்றுள் சில கலங்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலம் என்று தெரிய வந்தது. இத்தகைய வெண்கலம் குளிர்ந்த நிலையில் அடித்தால் நொறுங்கிவிடும். செந்நிறமாகக் காய்ச்சி, அடித்துத் தகடாக்கி, நீரில் தோய்த்தே அதனைப் பதப்படுத்த வேண்டும். அவ்வாறு பதப்பட்ட தகட்டை ஒரு முறை தட்டினால் நாதம் நீண்டு ஒலிக்கும். அங்கே தாளம் செய்தார்கள் என்று நான் கூற வரவில்லை. நாதம் தரும் உலோகத்தை ஆளும் தொழிலறிவு இரும்புக் காலத்திலேயே இவ்வாற்றங்கரையை எட்டியிருந்தது என்பதே செய்தி.

உலோகத்துக்கும் ஓசைக்கும் உள்ள உறவை நம் சமய வரலாறும் சுவையாகச் சொல்கிறது. திருஞானசம்பந்தர் சிறு பிள்ளையாய்த் திருக்கோலக்காவில் கைத்தாளமிட்டுப் பாடியபோது, பிஞ்சுக் கை நோகுமே என்று இறைவன் பொற்றாளம் அளித்தான் என்பர். பொன் மென்மையான உலோகம். அதிர்வைத் தன்னுள்ளேயே விழுங்கிவிடும். ஆகவே, அதற்கு ஓசை தந்தவள் அம்மை. அவளுக்கு ஓசைகொடுத்த நாயகி என்று திருப்பெயர். விலையுயர்ந்த பொருள் வேறு, ஒலிக்கும் பொருள் வேறு என்னும் உண்மையை இக்கதையைக் கட்டியவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இனி, இடத்துக்கு ஏற்பக் கருவி மாறிய வரலாற்றைக் காண்போம். திருச்செந்தூரில் அலைவாயில் நின்று நாகசுரமும் தவிலும் முழங்கும்போது, கடற்காற்றும் அலையோசையும் எதிரே நிற்கின்றன. அங்கே கனத்த தாளமே வேண்டும். மெல்லிய ஜால்ரா காற்றோடு போய்விடும். ஆனால், அதே நாகசுரம் கச்சேரி மேடை ஏறியபோது மாற்றம் தேவைப்பட்டது. குட்டையான, உச்ச சுருதியுள்ள திமிரி நாயனத்துக்கு மாறாக, நீண்டு தாழ்ந்த சுருதியில் இனிது ஒலிக்கும் பாரி நாயனத்தைப் பரப்பிய பெருமை திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையைச் சேரும். 1898 முதல் 1956 வரை வாழ்ந்த அம்மேதையின் மாணாக்கர் காருகுறிச்சி அருணாசலம், நம் கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்தார். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவருடைய நாகசுரம் ஒரு பெண் குரலோடு இணைந்து செல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். வெளியை நிறைக்கப் பிறந்த கருவி, ஒரு குரலுக்கு இடம் விட்டு நடக்கும் அழகு அது.

நாட்டியத்தில் நட்டுவனார் கையில் இருக்கும் தாளத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அவ்விரு வட்டுகளும் ஒரே உலோகம் அல்ல. ஒன்று பித்தளை அல்லது வெண்கலம், மற்றொன்று எஃகு. இரண்டும் சேரும்போது எழும் ஓசை கூரியதாய் எழுந்து விரைவில் முடிகிறது. நீண்ட ரீங்காரம் இல்லாமையால், அவர் சொல்லும் சொற்கட்டும் ஆடுபவரின் காற்சலங்கையும் தெளிவாகக் கேட்கின்றன. ஓசையைக் குறைப்பது வேறு, ஓசையின் நீளத்தைக் குறைப்பது வேறு. சிற்றரங்கில் இரண்டாவதே பல வேளைகளில் பெரிய நன்மை தரும்.

நாடக மேடைக்கு வருவோம். தமிழ் நாடக உலகின் தந்தை என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள், 1867-இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் நடிகர்கள் உச்ச சுருதியில் தொண்டை திறந்து பாடினர். பின்னே ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் ஒலித்தன. கடைசி வரிசையில் மணலில் அமர்ந்தவனுக்கும் பாட்டின் சொல் விளங்க வேண்டும். விளங்காவிட்டால் கதையே இல்லை. வில்லுப்பாட்டிலும் அப்படியே. வில்லும் குடமும் உடுக்கையும் கட்டையும் தாளமும் சேர்ந்து ஒலித்தாலும், கதை சொல்லும் குரல் மேலே மிதக்க வேண்டும். கொடை விழாவில் விடிய விடிய வெளியில் நடந்த அக்கலையைக் கொத்தமங்கலம் சுப்புவும் சுப்பு ஆறுமுகமும் அரங்குக்கும் கொண்டு வந்தனர். வானொலியும் அதற்கு இடம் தந்தது.

வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையை விடச் சிறிய அரங்கு ஏது? 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் 1963-இல் திருநெல்வேலியிலும் நம் நிலையங்கள் தொடங்கின. ஒலிவாங்கி பெரியவர் சிறியவர் என்று பாராத கருவி. அருகில் உள்ள தாளத்தை அது பெரிதாக்கும். தொலைவில் உள்ள குரலைச் சிறிதாக்கும். எனவே, அதன்முன் தாளக்காரர் பின்னே தள்ளி அமர வேண்டியதாயிற்று. தட்டும் வலியும் குறைய வேண்டியதாயிற்று.

இது நமக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 1623-இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் தொடங்கிய ஸில்ஜியன் என்னும் ஆர்மேனியக் குடும்பத்தின் தாளங்கள், நம் வெண்கலத்தைப் போலவே செம்பும் வெள்ளீயமும் ஏறத்தாழ நான்குக்கு ஒன்றாகக் கலந்தவை. அக்குடும்பத்தார் அமெரிக்காவில் குடியேறி, 1929-இல் அங்கே தொழிற்சாலை அமைத்தனர். ஜாஸ் இசையின் புகழ்பெற்ற முழவுக் கலைஞர் ஜீன் குரூப்பா போன்றவர்கள் மெல்லிய தாளம் வேண்டும் என்று கேட்டனர். அவர்களும் மெல்லியதாக அடித்துக் கொடுத்தனர். அண்மைக் காலத்தில், வீட்டுக்குள் பயில்வதற்கென்று உடலெங்கும் சிறு துளையிட்ட தாளங்களும் வந்திருக்கின்றன. உலோகம் குறைவதால் அவற்றின் ஓசை வெகுவாகத் தணிகிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு சிறு கூடத்தில் பாடத் தாளம் தேர்வதாயின், சில செய்திகளை நினைவிற் கொள்ளுங்கள். கடையில் ஓங்கித் தட்டிப் பார்த்து வாங்காதீர்கள். மெல்லத் தட்டிப் பாருங்கள். மெல்லத் தட்டும்போதே தெளிவாக ஒலிப்பதுதான் சிற்றறைக்கு உரியது. கனத்த தாளம் வலிந்து தட்டினால்தான் தன் முழு நாதத்தைக் காட்டும். மெல்லியதும் சிறியதும் இலேசான தொடுகையிலேயே பேசும், விரைவில் அடங்கும். வட்டுகளை நேருக்கு நேர் மோதாமல் விளிம்பை மட்டும் தொடுங்கள். தட்டியவுடன் விரல் நுனியால் விளிம்பைத் தொட்டு நாதத்தை நிறுத்தப் பழகுங்கள். இறுதியாக, பாடுபவரைப் பாடச் சொல்லி, நண்பர் ஒருவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, பாட்டின் சொற்களை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதிய ஏட்டில் சொல் விடுபட்டிருந்தால், குறை பாடியவரிடம் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது.

எங்கள் கடலில் முத்துக் குளித்த காலம் ஒன்று இருந்தது. 1961-இல் நடந்த குளிப்போடு அது ஓய்ந்தது. குளிப்பவன் கல்லின் கனத்தால் கடலடிக்கு இறங்குவான். தோணியில் ஒருவன் அவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழிருந்து கயிறு அசைந்த அக்கணமே மேலே இழுக்க வேண்டும். முத்தை எடுத்தவன் என்ற பெயர் கயிறு பிடித்தவனுக்கு இல்லை. ஆயினும், அவன் கவனம் சிதறினால் முத்தும் இல்லை, மூழ்கியவனும் இல்லை.

தாளக்காரனும் கயிறு பிடிப்பவனே. பாட்டில் மூழ்கியவனின் அசைவை உணர்ந்து, தன் ஓசையைத் தளர்த்தியும் இறுக்கியும் காப்பவன் அவன். எல்லாவற்றிற்கும் ஆமாம் போடுபவன் அல்லன். ஓங்கித் தட்டுபவனையே உலகம் கண்டது. அதனால்தான் அந்தப் பழமொழி பிறந்தது போலும். அடங்கித் தட்டுபவனை உலகம் கேட்பதே இல்லை, பாட்டைத்தான் கேட்கிறது. "பாட்டு எங்கே?" என்ற அண்ணாவியாரின் கேள்விக்கு நான் இன்று சொல்லக்கூடிய விடை அதுதான். உப்பளத்துப் பெரியவருக்கு அதைச் சொல்லக் கொடுத்து வைக்கவில்லை, உங்களுக்காவது சொல்லிவிட்டேன்.