சப்பாத்திக்கள்ளி

மெக்சிகோவின் வறண்ட புதர்க்காடுகளிலும் அமெரிக்கக் கண்டங்களின் வேறு பல காய்ந்த நிலங்களிலும் தானாக வளரும் முட்செடி சப்பாத்திக்கள்ளி. ஒபன்ஷியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் நாகதாளி என்றும் சொல்வார்கள். பால் வடியும் சதுரக்கள்ளிக்கும் திருகுகள்ளிக்கும் இது உறவல்ல.

இலையைப் போலத் தட்டையாகத் தெரிவது இதன் தண்டு. மெய்யான இலைகள் துளிரில் சிறுத்து முளைத்து, சீக்கிரமே உதிர்ந்துவிடும். நீண்ட முள்ளைவிடக் கொடியது அதன் அடியில் கொத்தாக நிற்கும் சுணைதான்; தோலில் ஏறினால் லேசில் வராது. பழத்தைப் பறிக்கும் கிராமத்துப் பிள்ளைகள் அதை மண்ணில் புரட்டித் தேய்த்துச் சுணையைப் போக்குவார்கள். பிறகு பிளந்து, உள்ளிருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்தெறிந்துவிட்டுத் தின்பார்கள். நாக்கும் உதடும் நாவல்சிவப்பாகிவிடும்.

கள்ளிமேல் கழுகு அமர்ந்த இடத்தில் ஆஸ்டெக் மக்கள் தம் தலைநகரை அமைத்தார்கள் என்பது மெக்சிகோவின் பழங்கதை. அந்நாட்டுக் கொடியில் இன்றும் அந்தக் காட்சி இருக்கிறது. ஆனால், இச்செடி கடல் கடந்ததற்குப் பெரிய காரணம் அதன் தண்டில் ஒட்டி வாழும் கோச்சினீல் பூச்சி. அதை உலர்த்தினால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். ஸ்பெயினுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த செல்வத்தில் வெள்ளிக்கு அடுத்தபடி மதிப்புப் பெற்ற சரக்குகளுள் இதுவும் ஒன்று. 1777இல் தியெரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவின் வஹாகா பகுதியிலிருந்து பூச்சியையும் செடியையும் கடத்திக்கொண்டு போனார்.

சென்னைக்கும் அந்தச் சாயத்தின்மேல் ஆசை வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786 முதல் லண்டனிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு இதுபற்றிக் கடிதம் எழுதினார். சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். செடி இருந்தும் நல்ல பூச்சி வாய்க்கவில்லை. 1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். அது உயர்ந்த சாயம் தரும் இனமல்ல. சாயத்தில் தோற்ற அந்தப் பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்தது! அந்தக் குணத்தைக் கண்டுதான் 1830களில் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சியை ஏவிக் களையை ஒழித்த உலகின் முதல் முயற்சியாக இதை அறிவியலாளர் குறிப்பிடுகிறார்கள்.

அந்தப் பூச்சி தொடாத இன்னோர் இனக் கள்ளி தமிழ்நாட்டின் புன்செய்களில் மண்டிக்கொண்டே போனது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கோச்சினீல் பூச்சி வந்தபிறகே, சில ஆண்டுகளில் அதுவும் அடங்கியது.

ஆஸ்திரேலியாவின் பாடு இதைவிடப் பெரிது. அங்கே 1920களில் ஏறத்தாழ 6 கோடி ஏக்கரைக் கள்ளி விழுங்கியிருந்தது. 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்னும் அந்துப்பூச்சியின் முட்டைகளைத் தருவித்தார்கள். அதன் புழுக்கள் தண்டைக் குடைந்து அழுகவைக்க, சில ஆண்டுகளிலேயே பெரும்பரப்பு மீண்டது. நன்றிக்கடனாகக் குயின்ஸ்லாந்தின் பூனார்காவில் 1936இல் அந்தப் பூச்சியின் பெயரில் ஒரு மண்டபம் எழுந்தது.

மடகாஸ்கரில் நடந்ததோ பெருந்துயரம். தெற்கே மாட்டுக்குத் தீவனமும் மனிதருக்குப் பழமும் வேலியும் தந்தது இந்தக் கள்ளிதான். 1920களில் கோச்சினீல் பூச்சியை விட்டதும் கள்ளி பட்டுப்போனது. மாடுகள் மடிந்தன, பஞ்சம் வந்தது. ஒழிப்பதற்குமுன் அதை நம்பி வாழ்ந்தவர்களின் கணக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

மெக்சிகோவில் இளந்தண்டு இன்றும் அன்றாடக் காய்கறி. முள்ளைச் சீவி, நறுக்கி வதக்குவார்கள். அதனால், கள்ளியைக் குடையும் காக்டோபிளாஸ்டிஸ் 1989இல் ஃபுளோரிடாவில் தென்பட்டதும் மெக்சிகோவில் கவலை மூண்டது. 2006இல் அது அந்நாட்டின் இஸ்லா முஹேரெஸ் தீவை எட்டியது. தாக்கப்பட்ட செடிகளை அகற்றியும் பொறி வைத்தும், மலட்டு அந்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டும் போராடிய மெக்சிகோ, 2009இல் அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தது.