டீசல் பாதிச் செலவு என்பது எந்தக் காலத்துப் பேச்சு?



பழைய கார் வாங்கப் போகிறோம், டீசல் வாங்கலாமா பெட்ரோல் வாங்கலாமா என்று இந்த வருடம் மட்டும் உங்களில் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். நான் மெக்கானிக் இல்லை. வகுப்பில் எல்லாப் பாடமும் நடத்தினாலும் வரலாற்றை விரும்பி நடத்தியவன். இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இரண்டு இன்ஜினுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, நினைவிருக்கிறதா? காற்றை அழுத்தினால் சூடாகும். பெட்ரோல் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை ஓரளவு அழுத்தி, ஸ்பார்க் ப்ளக்கின் தீப்பொறியால் எரிக்கிறார்கள். 1876-இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு இன்ஜின்தான் இதற்கு மூலம். டீசல் இன்ஜினில் தீப்பொறியே கிடையாது. வெறும் காற்றை 15, 20 மடங்கு வரை அழுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் டீசல். 1858-இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இன்ஜின் சோதனையில் வென்றது. எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் வேலையாக மாற்றிக் காட்டியது. அந்த நாளில் பல நீராவி இன்ஜின்கள் பத்தில் ஒரு பங்குகூடத் தரவில்லை. 1900-இல் நடந்த பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்பது நம் கடலைச் சீமைப் பிள்ளைகளுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும். 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனபோது டீசல் காணாமல் போனார். எப்படி இறந்தார் என்பது இன்றும் விவாதம்தான்.

அவருடைய இன்ஜின் கனமானது. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க இரும்பு கெட்டியாக இருக்க வேண்டுமல்லவா? அதனால் முதலில் தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் போனது, பிறகுதான் லாரிக்கு வந்தது. கார் வரை வர 1936 ஆயிற்று. அந்த ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி வெளிவந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1980 வாக்கில் அம்பாசிடரில் 1,489 சி.சி. டீசல் இன்ஜின் வந்தது. காலையில் ஹீட்டர் ப்ளக் சூடாகக் காத்திருந்து ஸ்டார்ட் செய்தால் தெருவே எழுந்துவிடும். வாடகைக்கு ஓட்டியவர்கள்தான் அதை அதிகம் வாங்கினார்கள். வீட்டுக்கு டீசல் கார் என்ற பழக்கம் பரவலானது 1998 கடைசியில் டாடா இண்டிகா வந்த பிறகு. 2007-இல் மாருதி ஸ்விஃப்ட்டில் ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. டீசல் இன்ஜின் வந்தது. அதே இன்ஜின் டிசையர், ஃபியட் புன்டோ, டாடா இண்டிகா விஸ்டா என்று பல கார்களில் ஏறியது. இன்று பழைய கார் சந்தையில் நீங்கள் பார்க்கும் டீசல் கார்களில் நிறைய இந்தக் குடும்பம்தான்.

ஏன் எல்லோரும் டீசலுக்கு ஓடினார்கள்? மைலேஜ் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அரசின் விலைக் கொள்கை. லாரி, பேருந்து, டிராக்டர், விசைப்படகு எல்லாம் டீசலில் ஓடுகின்றன. டீசல் விலை ஏறினால் காய்கறி விலை ஏறும். அதனால் டீசல் விலையை அரசு பிடித்து வைத்திருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை மட்டும் நீக்கினார்கள். பெட்ரோல் ஏறியது, டீசல் அப்படியே நின்றது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியது. டீசல் 41 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு.

ஒரு கணக்குப் போடுவோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., அதே டீசல் கார் 20 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று பெட்ரோல் காருக்குக் கி.மீ.க்கு 4 ரூபாய் 87 காசு, டீசலுக்கு 2 ரூபாய் 5 காசு. பாதிக்கும் குறைவு! "டீசல்னா பாதிச் செலவுங்க" என்ற பேச்சு பொய்யில்லை. அந்தக் காலத்தில் அது உண்மை. அந்த ஆண்டுகளில் நாட்டில் விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி டீசலாக இருந்ததும் இதனால்தான். உழவருக்கும் பேருந்துப் பயணிக்கும் கொடுத்த சலுகையைக் கார்க்காரர்களும் அனுபவித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டீசல் கார்களுக்குத் தனியாக வரி போடலாம் என்று கிரீத் பாரிக் குழு 2010-லேயே பரிந்துரைத்தது.

பிறகு காற்று திசை மாறியது. 2013 ஜனவரி முதல் டீசல் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுதும் போய்விட்டது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்திருந்தது. 2015-இல் ஃபோக்ஸ்வேகனின் புகைச் சோதனை மோசடி வெளியானது. அதே ஆண்டு டெல்லிப் பகுதியில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் மாருதி டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது.

இன்று நம் ஊரில் பெட்ரோல் சுமார் 100 ரூபாய், டீசல் சுமார் 92 என்று வைத்துக்கொண்டால், அதே கணக்கில் பெட்ரோலுக்குக் கி.மீ.க்கு 6 ரூபாய் 67 காசு, டீசலுக்கு 4 ரூபாய் 60 காசு. மிச்சம் உண்டு, ஆனால் பாதி இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி இப்போது அவளே டீச்சர். 2013 மாடல் டீசல் காருக்குத் தரகர் அதே ஆண்டு பெட்ரோல் காரைவிட 60,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டிருக்கிறார். "பாதிச் செலவில் எடுத்துடலாம் மேடம்" என்று பேச்சு. இவள் நகையை அடகு வைக்கத் தயார். வீட்டிலிருந்து பள்ளி 7 கி.மீ. மாதம் ஒருமுறை மதுரை. ஆண்டுக்கு 5,000 கி.மீ. தேறாது. 5,000 என்றே வைத்தாலும் பெட்ரோலுக்கு ஆண்டுக்கு 33,300, டீசலுக்கு 23,000. மிச்சம் 10,300 ரூபாய். கூடக் கொடுத்த 60,000-ஐ எடுக்கவே ஆறு ஆண்டு ஆகும். அடகு வட்டி தனி. 2013 வண்டிக்கு 2028-இல் 15 ஆண்டு முடிகிறது. அப்புறம் எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். இதையெல்லாம் எழுதிக் காட்டினேன். பெட்ரோல் வண்டி பார்க்கிறேன் சார் என்றாள்.

இன்னொருவன் விற்பனைப் பிரதிநிதி. சேலம், கோவை, திருப்பூர் என்று ஆண்டுக்கு 25,000 கி.மீ. ஓட்டுகிறான். அவனுக்கு மிச்சம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல். அவனை டீசலே வாங்கச் சொன்னேன்.

எரிபொருள் மட்டும் கணக்கில்லை, ரிப்பேரும் இருக்கிறது. இன்றைய டீசல் இன்ஜினில் எண்ணெயைப் பீய்ச்சும் அழுத்தம், டயரில் அடிக்கும் காற்றைப் போல 500 மடங்குக்கு மேல். அந்த இன்ஜெக்டரும் பம்பும் டர்போவும் கெட்டால் ஓராண்டு மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். பி.எஸ். 6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. நீண்ட தூரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து சுத்தமாகும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோலுக்கும் ஒரு குறை சொல்லிவிடுகிறேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். 2023-க்கு முந்தைய பல வண்டிகள் அதற்கென்று செய்தவை அல்ல. மைலேஜ் சற்றுக் குறையும். ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை:

1. காலையில், யாரும் ஸ்டார்ட் செய்யாத வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்பே சூடாக்கி வைத்த இன்ஜின் உண்மையைச் சொல்லாது.
2. புகையைப் பாருங்கள். விடாமல் கரும்புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது.
3. சர்வீஸ் பதிவில் உள்ள கி.மீ.யும் மீட்டரில் உள்ள கி.மீ.யும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.
4. டெல்லிப் பதிவு டீசல் வண்டி மலிவாக வந்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள். அங்கே ஓட்ட முடியாமல் வெளியே வருபவை உண்டு. இங்கே மறுபதிவுக்கும் சாலை வரிக்கும் ஆகும் செலவைச் சேர்த்துப் பாருங்கள்.
5. ஆர்.சி.யில் கடன் பாக்கி இருக்கிறதா பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், போன வருடம் எத்தனை கி.மீ. பயணம் செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 10,000-க்குக் கீழே என்றால் பெட்ரோல். 20,000-க்கு மேல், அதுவும் நெடுஞ்சாலையில் என்றால் டீசல். நடுவில் இருப்பவர்கள் மேலே போட்ட கணக்கைத் தங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். வகுத்தல் கணக்குதான், நான் சொல்லிக்கொடுத்ததுதான். விடை வராதவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் போன் செய்யுங்கள்.