செம்மறியாட்டிலிருந்து தொப்புள்கொடிக்கு: சிசேரியன் மயக்கத்தில் ரத்த அழுத்தச் சிகிச்சை மாறிய வரலாறு

முன்னுரை

சிசேரியனுக்காக முதுகில் மயக்க ஊசி போட்ட சில நிமிடங்களில் பல பெண்களுக்குக் குமட்டும், கண் இருட்டும். மானிட்டரில் பார்த்தால் ரத்த அழுத்தம் சரிந்திருக்கும். வலி நரம்புகளை மரக்கச் செய்யும் மருந்து, ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பரிவு நரம்புகளையும் சேர்த்தே முடக்கிவிடுகிறது. கருப்பைக்குப் போகும் ரத்தம் தாயின் அழுத்தத்தைச் சார்ந்தது என்பதால், சரிவு நீடித்தால் குழந்தைக்கும் ஆபத்து. இதற்கான சிகிச்சை அரை நூற்றாண்டில் ஏறக்குறையத் தலைகீழாக மாறியது. அந்த மாற்றத்துக்குப் புதிய மருந்துகளைவிட, எதை அளந்து பார்ப்பது என்ற கேள்வியே பெரிதும் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சாய்வும் சலைனும்

முதுகுத்தண்டு மயக்கத்தை 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் கோகெய்ன் கொண்டு செய்து காட்டினார். நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் கருப்பை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுக்கும் என்பதை 1953இல் ஹோவர்டும் உடனாய்வாளர்களும் விளக்கினர். பக்கவாட்டுச் சாய்வின் பயனை 1972இல் கிராஃபோர்ட் குழு எடுத்துக்காட்டியது. மேசையை இடப்புறம் 15 பாகை சாய்ப்பது உலக வழக்கமாயிற்று.

ஊசிக்கு முன்பே நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் சரிவைத் தடுக்கலாம் என்று 1968இல் வோல்மனும் கெர்ட்டி மார்க்ஸும் ஒரு சிறிய ஆய்வில் கண்டனர். கால் நூற்றாண்டுக் காலம் அது கேள்வியின்றித் தொடர்ந்தது. 1993இல் ரௌட் குழு சோதித்தபோது, முன்கூட்டித் திரவம் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 71 விழுக்காட்டினருக்கும் அழுத்தம் குறைந்தது. திரவத்தால் பயன் உண்டு, ஆனால் அது மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று.

எபெட்ரின் கோலோச்சிய காலம்

அழுத்தத்தை ஏற்ற மருந்து வேண்டும். எந்த மருந்து? இதற்கு விடை செம்மறியாட்டிடம் தேடப்பட்டது. 1974இல் ரால்ஸ்டன், ஷ்னைடர், டிலோரிமியர் மூவரும் சினை ஆடுகளில் எபெட்ரின், மெட்டராமினால், மெஃபென்டெர்மின், மெத்தாக்ஸமின் ஆகிய நான்கையும் ஒப்பிட்டனர். கருப்பையின் ரத்த ஓட்டத்தை மிகக் குறைவாகப் பாதித்தது எபெட்ரின். அதுவே முதல் தேர்வாகி, சுமார் முப்பது ஆண்டுகள் பாடநூல்களில் நிலைத்தது. பின்னாளில் எபெட்ரினின் இடத்தைப் பிடித்த ஃபீனைலெஃப்ரின் அந்த நால்வரிசையில் இல்லவே இல்லை. எனினும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்துகள் கருப்பைக்கு ஆகாது என்ற பொது அச்சம் அதையும் ஒதுக்கி வைத்தது.

தொப்புள்கொடி சொன்னது

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியின் ஒரு துண்டை இருபுறமும் கவ்வியிட்டு வெட்டியெடுத்து, அதன் தமனியிலிருந்து சிறிது ரத்தம் உறிஞ்சி அமிலத்தன்மையைப் பார்ப்பார்கள். கருப்பைக்குள் கடைசி நிமிடங்களைக் குழந்தை எப்படிக் கழித்தது என்பதற்கு அது நேரடிச் சான்று. ஹாங்காங்கின் லீ, ங்கான் கீ, ஜின் ஆகியோர் 2002இல் ஏழு ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஃபீனைலெஃப்ரின் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடித் தமனியின் பிஹெச் சராசரியாக 0.03 கூடுதலாக, அதாவது அமிலத்தன்மை சற்றுக் குறைவாக, இருந்தது. வேறுபாடு சிறியது, 7.2க்குக் கீழே இறங்கிய குழந்தைகளின் விகிதத்திலோ பிறந்தவுடன் குழந்தையின் நிலையைக் கணிக்கும் ஆப்கார் மதிப்பெண்ணிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆயினும் எபெட்ரினே பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் போய்விட்டது.

காரணத்தை 2009இல் அதே ஹாங்காங் குழு காட்டியது. தொப்புள்கொடிச் சிரையில் இருந்த எபெட்ரின், தாயின் தமனி ரத்தத்தில் இருந்ததைப்போல் 1.13 மடங்கு, ஃபீனைலெஃப்ரின் 0.17 மடங்கு மட்டுமே. நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சென்ற எபெட்ரின், குழந்தையின் வளர்சிதை மாற்றத்தையே முடுக்கிவிடுகிறது. ஆட்டின் கருப்பை ஓட்டத்தை மட்டும் அளந்தவர்கள் கண்ணில் இது பட வாய்ப்பில்லை.

இதற்கிடையே சிகிச்சையின் நேரமும் மாறியது. 2005இல் அதே குழு, ஃபீனைலெஃப்ரினைத் தொடர்சொட்டாகவும் திரவத்தை ஊசியோடு சேர்த்து வேகமாகவும் கொடுத்தபோது, 53 பேரில் ஒருவருக்கே அழுத்தம் குறைந்தது. சரிந்தபின் தூக்கி நிறுத்துவது போய், சரியாமல் காப்பது நெறியாயிற்று. 2018இன் பன்னாட்டுக் கூட்டறிக்கை, மேல் அழுத்தத்தைத் தொடக்க அளவின் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் வைக்கவும், ஊசி போட்டவுடனே ஃபீனைலெஃப்ரினை நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் வீதம் தொடங்கவும் பரிந்துரைத்தது.

சாய்வுக்கு மறுவிசாரணை

15 பாகைச் சாய்வும் தப்பவில்லை. 2015இல் ஹிகுச்சி குழு எம்ஆர்ஐ படங்களில் பார்த்தபோது, அந்தச் சாய்வில் கீழ்ப்பெருஞ்சிரை விரியவில்லை. 30 பாகையில்தான் விரிந்தது. மருந்தாலும் திரவத்தாலும் அழுத்தத்தைக் காத்துவந்தால், மல்லாந்து படுத்தாலும் குழந்தையின் அமில நிலை கெடுவதில்லை என்று 2017இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. எனினும் இடப்பக்கச் சாய்வை 2018 அறிக்கை கைவிடவில்லை.

முடிவுரை

ஃபீனைலெஃப்ரின் தாயின் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது. ஆகவே துடிப்பையும் இதயம் வெளியேற்றும் ரத்த அளவையும் மேலாகக் காக்கும் நார்அட்ரினலினை 2015இல் ங்கான் கீ குழு சோதித்தது. விவாதம் இன்றும் தொடர்கிறது. எபெட்ரினின் வரலாறு இவ்விவாதத்துக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது: கருப்பை ரத்த ஓட்டம் போன்ற இடைநிலை அளவு ஒன்றில் மேலோங்கிய மருந்து, தாயின் நலத்திலும் குழந்தையின் நலத்திலும் மேலோங்கியதா என்று தனியே நிறுவப்பட வேண்டும். 1974க்குப் பின் முப்பது ஆண்டுகள் அந்தப் படி தவிர்க்கப்பட்டதே எபெட்ரினின் நீண்ட ஆட்சிக்குக் காரணம்.