எச்சத்தால் இயையும் தமிழ்

தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஊரிலுள்ள பாட்டிக்குக் குழந்தை கடிதம் வரைகிறது: 'பள்ளிக்குப் போனேன். படம் வரைந்தேன் மற்றும் பரிசு வாங்கினேன்.' சொல் யாவும் தமிழே. ஆயினும் தொடர் தமிழன்று. 'பள்ளிக்குப் போய்ப் படம் வரைந்து பரிசு வாங்கினேன்' என்பதே பாட்டியின் தமிழ்.

சிறு தொடர்களை ஒன்றாக்கத் தமிழ் பெரிதும் நாடுவது வினையெச்சத்தையே. எச்சங்கள் பல அடுக்கி வரினும் இறுதியில் முடிக்கும் வினை ஒன்றே போதும் என்பது தொல்காப்பிய வினையியல் கூறும் விதி. தெளிவுக்கும் அவ்வியல் காவல் வைத்தது. 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும். 'செய' என்னும் எச்சம் பிறர் வினையையும் கொள்ளும். 'அரசன் வந்து, அவையில் அமர்ந்து, புலவர் பாடக் கேட்டுப் பரிசில் நல்கினான்' என்னும் தொடரை நோக்குவோம். வந்தவனும் அமர்ந்தவனும் கேட்டவனும் நல்கியவனும் ஒருவனே, பாடியவர் வேறு. 'பாட' என்ற ஒரு சொல்லே அவ்வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. அலுவலகக் குறிப்புகள் பலவற்றை ஒரே தொடராகச் சுருக்கும் எழுத்தர்களாகிய நாம் இதன் அருமையை அறிவோம். செய்தவர் யார் என்பது மயங்கினால் கோப்பு திரும்பி வந்துவிடும்!

இம்மரபு ஏட்டோடு நின்றதன்று. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, அவன் வெற்றிகளை எச்சங்களால் தொடுத்துச் செல்லும் நெடுந்தொடர். திராவிட மொழிகள் 'எவன்', 'அவன்' என்னும் இணைப்பின்றிப் பெயரெச்சத்தால் தொடரை இயைப்பதைக் கால்டுவெல் 1856-இல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். நெடுந்தொடரைப் படிப்போர் மயங்காவண்ணம், அந்நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் நிறுத்தக்குறிகளை இட்டு வழிகாட்டினார்.

வடபுலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இம்முறை எட்டாததா? அன்று. அவர்கள் நாள்தோறும் பேசும் இந்தியில் 'ஜாகர்' என்பது நம் 'போய்' என்பதற்கு நேரானதே. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இயல்புகளுள் இவ்வெச்ச வழக்கும் ஒன்றென மொழியறிஞர் கருதுவர். எனவே தெருவில் பழகிய இந்தியே வீட்டுத் தமிழுக்குப் படியாகலாம்.

அடுத்த கடிதத்தை எழுதும்போது பிள்ளையின் அருகே சற்று அமர்வோம். 'மற்றும்' வருமிடத்தில், 'பாட்டி இதை எப்படிச் சொல்லுவார்?' என்று கேட்போம். இலக்கணம் கற்பிக்க அவ்வொரு வினாவே போதும்.